பத்து வார்த்தை

ஃபிர்தௌஸ் பார்க்கிற வேலைக்கு என்ன பேர் என்று அவள் அம்மா முனவர் பேகத்துக்குச் சொல்லத் தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "பெங்களூர் ஆஸ்பத்திரியில கேள்வி கேக்குற வேலை. வயசானவங்கள உக்கார வச்சிக் கேள்வி கேப்பா, அதுக்குச் சம்பளம் தர்றாங்க" என்பாள். சுற்றியிருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். ஃபிர்தௌசும் சிரித்துவிடுவாள். யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதில் தப்பு ஒன்றுமில்லை.

மறதி நோய்க்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அது கேட்கிறதா இல்லையா என்று பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிற ஆராய்ச்சி. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது விழுந்திருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, ஃபிர்தௌசுக்கும் தெரியாது. ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் அவள் பொறுப்பு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் தடுமாறாமல் பேசுவாள் என்றுதான் அவளை எடுத்தார்கள். தேன்கனிக்கோட்டையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி மூக்கண்டப்பள்ளியில் வெள்ளைச்சாமி.

வெள்ளைச்சாமிக்கு அறுபது இன்னும் ஆகவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மீசை முளைத்த கையோடு பஸ் ஏறி வந்தவர். கியர் செய்கிற கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷனில் நின்றே வயசு போயிற்று. ஒருநாள் டூட்டி முடிந்து கம்பெனி பஸ்சில் ஏறியவர் இறங்கவே இல்லை. டிரைவர் போய்த் தோளைத் தட்டியதற்கு, "என் ஸ்டாப் இன்னும் வரலையேப்பா" என்றார். பஸ் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் கம்பெனிக்காரர்கள் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவரும், மனைவி ஜெயமணியும், மகன் மோகன்குமாரும்தான். மோகன்குமார் கார் பாகம் செய்கிற இடத்தில் குவாலிட்டியில் இருந்தான். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். ஜெயமணி முன்பு சிப்காட் கேட் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி போட்டவள். புருசனை விட்டுவிட்டுப் போக முடியாமல் ஆனதும் வண்டியை விற்றுவிட்டு, வீட்டிலேயே மாவாட்டி பேச்சிலர் ரூம்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆடித் தூறலில் ஒருநாள் ஃபிர்தௌஸ் அங்கே போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூறல் என்றால் அந்த ஊர்த் தூறல், பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் வெள்ளைச்சாமி எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க மேடம். ஆடிட்டுக்கு வந்தீகளா?"

"ஆமாங்கய்யா. நல்லாருக்கீங்களா?"

"எல்லாம் ஸ்பெக்குல இருக்கு, அளவு பிசகல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

ஜெயமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமூல் கேள்விகள். அவரே குளிக்கிறாரா? தானாகச் சட்டை போடுகிறாரா? வழி தப்பிப் போனாரா? கோபப்படுகிறாரா? எங்காவது விழுந்தாரா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. அவுகளாக் குளிக்காக, அவுகளா உடுத்துதாக. போன மாசத்துக்கு இந்த மாசம் தெளிவு. எங்களுக்கு நெசமான மாத்திரதான் விழுந்திருக்கு. எனக்கு அது உறுதி."

"அது யாருக்கும் தெரியாதுங்கம்மா. நான் அன்னிக்கே சொன்னேனே."

"ஒனக்குத் தெரியாது. கூடப் படுத்துக் கெடக்கவளுக்குத் தெரியாமப் போகுமா?"

வெள்ளைச்சாமியின் நெற்றியோரம் மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தது. ஃபிர்தௌஸ் அதையே பார்ப்பதைக் கண்டு ஜெயமணி முந்திக்கொண்டாள். "கதவு இடிச்சிருச்சு. இந்த வீட்டு நெல ரொம்பக் குட்ட, குனிஞ்சுதான் வரணும்." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழிப்பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடாமல் அவள் யாரையும் வெளியே விட்டதில்லை. கதவு இடித்தது என்று ஃபிர்தௌஸ் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெங்களூரில் டெஸ்ட். ஆஸ்பத்திரி கார் வீட்டு வாசலுக்கே வரும். ஜெயமணி புருசனுக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவி, கம்பெனியில் வருசப் பரிசாகக் கொடுத்த சட்டையைப் போட்டுக் கூட்டிவந்தாள். அத்திப்பள்ளி தாண்டிப் போகும்வரை அவள் அவர் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவரும் திருப்பி முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார்கள்போல என்று ஃபிர்தௌஸ் முன்சீட்டில் பேசாமல் இருந்தாள்.

டெஸ்ட் அறை சின்னது. போன தடவை பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்த ஜெயமணியை இன்றைக்கு வெளி வராந்தாவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். தேதி, மாசம், எந்த ஊர் என்கிற கேள்விகளுக்கு வெள்ளைச்சாமி சிரித்துச் சமாளித்தார். மாசம் மார்கழி என்றார். ஊர் அருப்புக்கோட்டை. பிறகு வார்த்தைப் பரீட்சை வந்தது. பத்து வார்த்தைகளை ஃபிர்தௌஸ் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லுவாள். முடிந்ததும் ஞாபகம் இருக்கிறதை அவர் சொல்ல வேண்டும். போன தடவை இரண்டு சொன்னார். அதற்கு முந்தின தடவை மூன்று.

"கவனமாக் கேளுங்கய்யா. ஆணி. பூனை. தயிர். கோபுரம்..." என்று பத்தையும் சொல்லி முடித்து, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.

வெள்ளைச்சாமி நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"கதவு. எறும்பு. சாவி. மழை. துணி. பாலம். வெங்காயம். கண்ணாடி. குதிரை. வெளக்கு."

ஒன்று பிசகவில்லை. வரிசை மாறவில்லை. கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஃபிர்தௌசைப் பார்த்தார். பரீட்சையில் ஜெயித்த பையனின் முகம்.

அவளுக்கு ஒரு நிமிசம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இவை போன தடவை அவள் சொன்ன வார்த்தைகள். ஒவ்வொரு தடவைக்கும் வார்த்தைகள் மாறும். அது ஜெயமணிக்குத் தெரியாது. அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காதில் விழுந்ததை மனசில் பிடித்துக்கொண்டுபோய், இத்தனை மாசமும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெற்ற மகன் பேர் நாக்கில் வராத மனிதருக்கு.

இன்றைக்குச் சொன்ன பத்தில் ஒன்றுகூட அவர் சொல்லவில்லை. விதிப்படி ஃபிர்தௌஸ் பூஜ்யம் போட்டாள்.

வெளியே வந்ததும் ஜெயமணி ஃபிர்தௌசின் கையைப் பிடித்தாள். "பத்தும் சொன்னாகளா?"

"சொன்னாருங்கம்மா. பத்தும் சொன்னாரு."

ஜெயமணி புடவைத் தலைப்பால் புருசன் முகத்தைத் துடைத்துவிட்டாள். முகத்தில் துடைப்பதற்கு ஒன்றுமில்லை. அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நல்ல மனுசி, வேகமாகப் பேச மாட்டார்.

"வார்த்தை போனாப் போகுது ஃபிர்தௌஸ். அதுக்காக இவ்வளவு மெனக்கெட்டவங்க வேற எதை மறைச்சிருக்காங்கன்னு தெரியணும். இந்த மருந்துல சில பேருக்குத் தலை சுத்துது, ரெண்டு ஊர்ல ஆளுங்க மயங்கி விழுந்திருக்காங்க. அவரு விழுந்து, நமக்குத் தெரியாமப் போனா, நாளைக்கு ஆளே போயிடலாம். நீ வீட்டுக்குப் போயிப் பேசு."

வெள்ளைச்சாமியின் நெற்றியோரத்துக் கன்றிய தடம் ஃபிர்தௌசின் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் போனபோது ஜெயமணி கிரைண்டர் முன்னால் குந்தி, ஓரத்து மாவை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபிர்தௌஸ் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வார்த்தைகள் மாறும் என்பதை முதலில் சொன்னாள். அதைக் கேட்டு ஜெயமணியின் கை நின்றது.

"அப்ப நேத்து அவுக சொன்னது?"

"பழசுங்கம்மா."

"ஒண்ணுக்கும் ஆகாதா?"

"ஆகாதுங்கம்மா."

கிரைண்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஜெயமணி கொஞ்ச நேரம் கல் சுற்றுவதையே பார்த்தாள்.

"என்ன பாடுபட்டேன் தெரியுமா. கதவுன்னு சொல்ல வைக்கவே எத்தன நாளு. கதவத் தொறந்து மூடித் தொறந்து மூடிக் காட்டுவேன். எறும்புக்குச் சீனியத் தூவி வச்சேன். வெங்காயத்த மூக்குல வச்சுத் தேச்சேன். குதிரைக்கு எங்க போக? நானே கனைச்சுக் காட்டினேன். அவுக அன்னிக்கு அப்படிச் சிரிச்சாக. எம்புட்டு வருசமாச்சு அப்படிச் சிரிச்சு."

"ஏங்கம்மா இப்படிப் பண்ணீங்க?"

"மார்க் கொறஞ்சா வச்சுக்கிற மாட்டீகன்னு பயந்துட்டேன். மாத்திரைய நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்? வேற எங்க போயி நிப்பேன்?"

ஃபிர்தௌஸ் அவள் தோளில் கை வைத்தாள். "நெத்தியில இருந்தது கதவு இடிச்சதுதானா?"

ஜெயமணி எட்டிக் கிரைண்டரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது.

"விழுந்துட்டாக. குளிக்கப் போன எடத்துல. கண்ணு மேல சொருகிப்போயிக் கெடந்தாக. நான் தண்ணியத் தெளிச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டு... கட்டுனதுலருந்து அன்னிக்குத்தான் பேரச் சொன்னேன். அதுக்கு முந்தியும் ரெண்டு தரம் விழுந்தாக, இது மாதிரி இல்ல. குளிக்காக உடுத்துதாகன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நான்தான் எல்லாம். ராத்திரி எந்திரிச்சு டூட்டிக்கிப் போகணும்னு கதவப் போட்டு ஆட்டுவாக. தடுத்தா யாரோ கள்ளன்னு நெனச்சு அடிப்பாக." ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். பார்த்துவிட்டு ஃபிர்தௌஸ் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "மகனுக்குத் தெரியாது. ஒன்கிட்டதான் சொல்றேன். பெத்த மகளா நெனச்சுச் சொல்றேன். மேல சொல்லிராத தாயி."

"சொல்லித்தாங்கம்மா ஆகணும்."

"எனக்காக."

"அவரு உசுருக்கு ஆபத்துன்னா நான் எப்படிங்கம்மா சொல்லாம இருக்கறது? மயக்கம் மருந்தாலன்னா, நாளைக்கு விழுந்து எந்திரிக்காமப் போயிட்டாருன்னா?"

ஜெயமணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எழுந்து, மாவை வாளியில் வழித்துவிட்டு, குழவியைக் கழுவ ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாப்பிடு என்று சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தினார்கள். மீதி மாத்திரையைத் திரும்ப வாங்கிவர ஃபிர்தௌஸ்தான் போக வேண்டியிருந்தது. தெருமுனையிலேயே மோகன்குமார் பைக்கோடு நின்றான். ஷூவும் கம்பெனி பனியனுமாக, டூட்டிக்குக் கிளம்பியவன் மாதிரி. மாத்திரை டப்பாவை அவள் கையில் கொடுத்தான்.

"மேடம், நீங்க வீட்டுக்கு வர வேணாம்னு அம்மா சொல்லுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லங்க."

"நீங்க பண்ணது கரெக்டுதான். எனக்குப் புரியுது. அப்பா விழுந்ததே எனக்குத் தெரியாது, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு..." மேலே பேசாமல் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா அம்மா உங்க பேரக்கூட வாயில எடுக்க மாட்டேங்குது."

பஸ்சில் டப்பா மடியில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் மாத்திரைகள் சலசலத்தன. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் முனவர் பேகம், "ஏம்மா, இன்னிக்கு என்ன கேள்வி கேட்ட?" என்று வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டாள். ஃபிர்தௌஸ் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகும் அவள் தேன்கனிக்கோட்டைக்குப் போனாள், உத்தனப்பள்ளிக்குப் போனாள். வாத்தியார் பென்சிலைப் பிடிக்க மறந்துபோனார். தக்காளிக்கார அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சிப்காட் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது ஃபிர்தௌஸ் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள்.

மழைக்காலம் போய் மார்கழிப் பனி இறங்கியபோது ஆராய்ச்சியை முடித்துவிட்டார்கள். மருந்து கேட்கவில்லை. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. யார் யாருக்கு எது என்ற விவரமும் வந்தது. அதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும், போனில் சொன்னாலே போதும் என்றார்கள். மற்ற வீடுகளுக்குப் போனில் சொன்னாள். மூக்கண்டப்பள்ளிக்கு மட்டும் போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, ஒரு மதியம் நேரிலேயே போனாள்.

கதவைத் திறந்த ஜெயமணி பாதியாக இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினதுபோலக் கறுத்திருந்தது. விரட்டிவிடுவாள் என்று ஃபிர்தௌஸ் நினைத்தாள். ஜெயமணி கதவை விட்டு விலகி நின்றாள்.

நடுவீட்டில் ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு பேசின் நிறைய இருந்தது. பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு. இந்த ஊருக்கு வந்து ஜெயமணி பழகிய குழம்பு. வெள்ளைச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தார். தோல் கழன்று பருப்பு வழுக்கித் தெறித்தது. ஃபிர்தௌசை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுங்கம்மா. மருந்து யாருக்கும் கேக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்." வெள்ளைச்சாமியை ஒரு தடவை பார்த்தாள். "ஐயாவுக்குக் குடுத்தது வெறும் மாத்திரைங்கம்மா."

ஜெயமணி சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"மொதல்லருந்தா?"

"மொதல்லருந்துங்கம்மா."

"அப்ப விழுந்தது மருந்தால இல்ல."

"இல்லங்கம்மா. நோயாலதான்."

"நீ போயிச் சொல்லாம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காதுங்கம்மா. அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?" ஜெயமணி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஸ்பீக்கரில் கோசு, குடைமிளகாய் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்தபிறகு கேட்டாள். "அப்ப அந்தப் பத்து வார்த்த? அதுவும் மாத்திரையால இல்லையா?"

"இல்லங்கம்மா. அவரா படிச்சதுதான்."

ஜெயமணி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் ஒரு கொட்டையைப் பிதுக்க வராமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் உதடு கோணியது. சத்தமில்லாமல், தோள்கள் குலுங்க அழுதாள். ஃபிர்தௌஸ் நகர்ந்துபோய் ஒட்டி உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஜெயமணி விலகவில்லை.

"மிச்சம் இருந்த நெனப்பையெல்லாம் எனக்காக வழிச்சுக் குடுத்திருக்காக" என்றாள், அழுகைக்கு நடுவில். "நான் மாத்திரைக்கு நன்றி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேறு புது மருந்து ஏதாவது வருகிறதா என்று கேட்பாள் என ஃபிர்தௌஸ் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். நோய் முற்றிவிட்டதால் இனி எதிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். ஜெயமணி அதைக் கேட்கவேயில்லை.

"வெரசாப் போகணுமா தாயி?"

"இல்லங்கம்மா."

"அப்ப ஒரு ஒத்தாச பண்ணு. செத்த நேரம் இவுகளப் பாத்துக்க. நான் ஒரு கண்ணு அசந்துக்கிறேன். மகன் ராத்திரி ஷிப்டு போயிட்டா நான் முழிச்சே கெடக்கேன். பகல்ல இவுக விடமாட்டாக. ஒழுங்காத் தூங்கி..." சொல்லி முடிக்காமல் எழுந்து உள் அறைக்குப் போனாள். பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு சீக்கிரம் ஒரு ஆள் தூங்கிப்போக முடியும் என்று ஃபிர்தௌசுக்குத் தெரியாது.

அவள் பையை ஓரமாக வைத்துவிட்டு, பேசினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொட்டை பிதுக்க ஆரம்பித்தாள். வெள்ளைச்சாமி பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கிண்ணத்தில் போட்டார். அவள் தோலைப் பொறுக்கி வெளியே போட்டு, பருப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அவர் கையில் இத்தனை வருசத்து எண்ணெய்க் கறை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. ஊறிய கொட்டையின் பச்சை வாசம் வீடு முழுக்க இருந்தது. அவளிடம் அன்றைக்குக் கேள்விகள் இல்லை.

உள்ளேயிருந்து ஜெயமணியின் குறட்டை கேட்கத் தொடங்கியது. மெலிதாக ஆரம்பித்து, பெரிசாகி, நடுவில் தடைபட்டு மறுபடி ஓடியது. வெள்ளைச்சாமி கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். எழுந்து போய்விடுவாரோ என்று ஃபிர்தௌஸ் பயந்தாள். அதே நேரம் அவள் பையில் போன் அடித்தது.

வெள்ளைச்சாமி சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

"அமத்துங்க, அமத்துங்க" என்றார் கிசுகிசுப்பாக. "உள்ள யாரோ படுத்திருக்காக. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருப்பாக போல. பாவம், தூங்கட்டும்."

ஃபிர்தௌஸ் போனை அமர்த்தினாள். அவர் குனிந்து, சத்தம் வராமல், அடுத்த கொட்டையை எடுத்தார்.